சனிக்கிழமை வண்டு

அது என் பையிலிருந்துதான் வருகிறது, அக்கா. நீங்கள் நாலு தடவை மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, அஞ்சாவது தடவை அந்தப் பக்கத்துச் சீட்டுக்காரரை முறைத்தீர்கள். பாவம், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. மழைக்கு ஷட்டர் எல்லாம் இறக்கிவிட்டார்களா, அதனால் வெளியே போக வழி இல்லாமல் உள்ளேயே சுற்றுகிறது.

சென்ட் இல்லை. ஊதுபத்தியும் இல்லை. கட்டை. தீப்பெட்டி அளவு ஒரு துண்டு. காகிதத்தில் பொதிந்து, அதைச் சாக்ஸுக்குள் போட்டு, சாக்ஸை நைட்டிக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். அப்படியும் அடங்கவில்லை. எடுத்துக் காட்டலாம். ஆனால் அந்தப் பையை அடைத்தது எங்கம்மா. திறந்தால் திரும்ப மூட நாலு பேர் வேண்டும்.

அகில் கட்டை. இப்போது அகர் என்கிறார்கள். எங்கள் வீட்டு மரம்.

நான் மார்த்தாண்டம் போகிறேன். டுட்டோரியலில் சேர்ந்து பிளஸ் டூ எழுத. ஹாஸ்டலில் தங்க வேண்டும். எனக்குத் துளி இஷ்டம் இல்லை. ஆனாலும் போகிறேன், ஏனென்றால் தோற்றுப்போனேன். முன்னால் மூன்றாவது சீட்டில் தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் இருக்கிறாரே, அவரிடம்தான் தோற்றேன். எங்கப்பா. பெயர் நேசையன். கடையாலுமூட்டில் ரப்பர் வெட்டுக்காரர் நேசையன் என்றால் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் குரலைத் தாழ்த்த வேண்டாம். இந்த பஸ் போடுகிற சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்காது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஃபெயில் ஆகவில்லை. ஊரில் அப்படித்தான் நினைக்கிறார்கள். அரையாண்டுப் பரீட்சை, வேதியியல். தெரிந்ததை எல்லாம் ஒன்றேகால் மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டேன். பேப்பரை நீட்டினேன். மேற்பார்வைக்கு நின்ற சார், "உட்காரு, மணி அடிக்கட்டும்" என்றார். தெரிந்தது முடிந்துவிட்டது, தெரியாதது உட்கார்ந்திருந்தால் வரப்போவதில்லை, அப்புறம் எதற்கு உட்கார வேண்டும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பேன். சொல்லவில்லை. ஹாலிலிருந்து வராந்தா, வராந்தாவிலிருந்து கேட், கேட்டிலிருந்து பஸ். அத்தோடு படிப்பு நின்றது.

அப்பா திட்டவில்லை. அவருக்குத் திட்ட வராது. சாப்பிடும்போது மட்டும், "மக்களே, டுட்டோரியல்னு ஒண்ணு உண்டும்" என்பார். மறுநாளும் அதையே சொல்வார், முதல் தடவை சொல்வது மாதிரி. ஆறு மாசம் சொன்னார். இடுப்பில் கயிற்றைக் கட்டி இழுக்கிறவர்களோடு சண்டை போடலாம். இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து பையச் சொல்கிறவர்களை என்ன செய்வது?

இப்போது மரத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆள் வந்து கன்று விற்றான். வாசனைத் தடி, பொன்னைவிட விலை என்றான். எங்கள் பக்கம் மரக்கட்டையைத் தடி என்போம். அப்பா வீட்டுக்குப் பின்னால் இருபது கன்று நட்டார். ஆள் அப்புறம் வரவில்லை. கன்று மட்டும் வளர்ந்தது, நல்லா தளதளவென்று. மணம் என்று ஒன்று கிடையாது. கிளையை ஒடித்து எரித்தால் விறகு வாசம்.

ஏன் தெரியுமா? நல்லா இருக்கிற அகர் மரம் மணக்காது. அதற்கு அடிபட வேண்டும். அடிபட்ட இடத்தில் பூஞ்சை பிடிக்க வேண்டும். அந்தப் பூஞ்சையைத் தடுக்க மரம் ஒரு பிசின் விடும், அந்தப் பிசின் ஊறி வெள்ளைத் தடி கறுத்துப் போகும். அந்தக் கறுப்புதான் மணம். ஆகவே மரத்தைக் காயப்படுத்த வேண்டும். துளை போடலாம், ஆணி அடிக்கலாம், மருந்து ஏற்றலாம். ஏதாவது செய்ய வேண்டும். இதை நான் போனில் பத்து நிமிஷத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பாவிடம் சொன்னேன். அவருடைய முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவர் வெட்டுக்காரர், அக்கா. ரப்பர் வெட்டு என்பதே மரத்துக்கு நோகாமல் வெட்டுவதுதான். பட்டையைச் சீவ வேண்டும், உள்ளே இருக்கிற தடியில் கத்தி படக்கூடாது. பட்டால் அந்த இடம் முண்டு முண்டாகப் புடைத்துக்கொள்ளும், பிறகு பால் வராது. இருபத்தாறு வருஷத்தில் அப்பாவுடைய கத்தி தடியில் பட்டது மூன்று தடவை. எந்தத் தோட்டம், எந்த மரம் என்று இன்றைக்கும் சொல்வார். சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்வார். அப்படிப்பட்டவரிடம் போய், மரத்தில் துளை போடுங்கள் என்றால்?

"மரம் தானா தரும் மக்களே" என்றார்.

"பன்னிரண்டு வருஷமா தரலியே."

"அதுக்கு நேரம் வரல."

"வாறதுக்கு அதென்ன பஸ்ஸா?" என்றேன். "இருபது மரத்தையும் எனக்குத் தாங்க. ஒரு வருஷத்துல மணக்க வைக்கேன். வச்சா டுட்டோரியல் பேச்சு எடுக்கப்பிடாது."

"ஒனக்கத மணக்கலைன்னா?"

"போறேன்."

அம்மா அப்போது மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். கமலபாய் என்று பெயர், அப்பா கமலம் என்பார். கத்தியைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொன்னாள். "ஆளுக்குப் பத்தா பிரிச்சுக்கிடுங்கோ. அவருக்கத முதல்ல மணத்தா நீ போ. ஒனக்கத முதல்ல மணத்தா நீ இஞ்ச கெட. ரெண்டும் மணக்கலைன்னா நான் இருபதையும் வெட்டி வெறகாக்குவேன், நீயும் போவே."

வீட்டை ஒட்டின பத்து அப்பாவுக்கு. ஓடைப்பக்கம் பத்து எனக்கு. நோட்டுத்தாளில் ரூல் எழுதினேன். ஒருத்தர் மரத்தை மற்றவர் தொடக்கூடாது. அதை நான்தான் எழுதினேன், அடிக்கோடும் போட்டேன். அப்பா இரக்கப்பட்டு என் மரத்துக்கு ஏதாவது மருந்து பூசிவிடுவாரோ என்று பயம். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

என் மரங்களுக்கு நான் செய்தது ஒரு ஆஸ்பத்திரிக்குக் காணும். நாலு மரத்துக்கு, போனில் பார்த்து வரவழைத்த மஞ்சள் மருந்து. எங்கள் மாமா ஸ்டான்லி மேல்புறம் ஜங்ஷனில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். காலி குளுக்கோஸ் பாட்டிலும் டியூப்பும் அவர் கொடுத்தார். பாட்டிலைக் கிளையில் தொங்கவிட்டு, அடிமரத்தில் துளை போட்டு, டியூப்பைச் செருகினேன். சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஊரெல்லாம் வந்து பார்த்தார்கள். நேசையனுக்க மக மரத்தை அட்மிட் பண்ணியிருக்கா என்று பேச்சு. மாமா ஒரு நாள் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்து மரத்தடியில் வைத்துவிட்டு, "நோயாளி நேத்து ஒறங்கினாரா?" என்று என்னிடம் கேட்டார். ஆரஞ்சை நான் தின்றேன். சிரிப்பு வரவில்லை.

மூன்று மரத்துக்கு ஆணி. மரத்துக்கு முப்பது. நான் அடிக்க அடிக்க அப்பா உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாராம். ஒவ்வொரு அடிக்கும் தோள் துள்ளியதாம், அம்மா சொன்னாள்.

மிச்சம் மூன்றுக்குப் பூஞ்சை. திற்பரப்புப் பக்கம் ஒரு தோட்டத்தில் இடி விழுந்த அகர் மரம் நின்றது. அதிலிருந்து உளுத்த கட்டை கொண்டுவந்து, வேகவைத்த சோற்றில் போட்டு ஊறுகாய் பாட்டிலில் மூடி வைத்தேன். பச்சை, வெள்ளை, ஒரு மாதிரி ரோஸ், எல்லாம் வந்தது. அடுக்களையில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்ததுதான் தப்பு. எது எதற்குள் போனது என்று அம்மாவுக்குச் சந்தேகம். ஒன்பது நாள் எங்கள் வீட்டில் இட்லி கிடையாது. அந்தப் பூஞ்சையைத் துளையில் அடைத்து, மெழுகு உருக்கி ஊற்றி, காற்றுப் போகாமல் மூடினேன்.

மருந்தோடு வந்த தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஒரு வருஷத்துக்குத் திறக்கக்கூடாது, திறந்தால் எல்லாம் வீண்.

ஒரு வருஷம். நான் அந்த ஒன்பது நாள் பொறுத்ததே பெரிய காரியம்.

பத்தாம் நாள் எனக்கு ஒன்று தோன்றியது. என் மரத்தைத் திறக்கக்கூடாது, சரி. ஆனால் நான் ஜெயிக்கிறேனா என்று தெரிய என் மரத்தைத்தான் பார்க்க வேண்டுமா? அப்பாவுடைய மரம் மணக்கவில்லை என்று தெரிந்தாலும் போதுமே. அவருடையதில் ஒன்றும் இல்லை என்றால் நான் முன்னால் இருக்கிறேன். சரியா?

ரூல் இருக்கிறதுதான். மீறினேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், சொல்லுங்கள். பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதினால் காப்பி. பக்கத்துப் பேப்பர் வெறும் தாளாக இருக்கிறதா என்று பார்ப்பது காப்பியா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சனிக்கிழமை அப்பா ரப்பர் ஷீட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார். அம்மா சர்ச்சில் பெருக்கப் போவாள். ஷெட்டில் ஒரு கை டிரில் கிடந்தது. கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுகிற பழைய மாடல். பென்சில் கனத்துக்கு ஒரு துளை, ஒரு விரல் ஆழம். தூளை உள்ளங்கையில் எடுத்து ஊதி மோந்து பார்த்தேன். பச்சைத் தடி வாசம். ஒன்றும் இல்லை. பத்து மரமும் பார்த்தேன். பத்திலும் ஒன்றும் இல்லை. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை வரைக்கும்தான். ஒரு வாரத்தில் என்ன வேண்டுமானாலும் ஆகலாம் அல்லவா? மறுபடி துளை. அதற்கடுத்த சனியும். எத்தனை துளை என்று நான் எண்ணவில்லை. வருஷத்தில் எத்தனை சனிக்கிழமை, நீங்களே பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன். மூன்றாம் வாரம் துளையை எல்லாம் ஏதோ வைத்து அடைத்திருந்தது. மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "கமலம், எனக்க அகர்ல ஒரு புது வண்டு வந்திருக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். "எப்படிப்பட்ட வண்டு?"

"உருண்டைத் துளை. பிசிறு இல்ல. நல்ல வேலைக்கார வண்டாக்கும்."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பெரிய வெட்டுக்காரர் வாயால் வருகிற பாராட்டு. அவர் சாணியும் செம்மண்ணும் பழங்கஞ்சித் தண்ணீரில் குழைத்து ஒவ்வொரு துளையிலும் திணித்திருக்கிறார். ரப்பரில் காயம் பட்டால் செய்வதை இங்கேயும் செய்கிறார், பாவம். எவ்வளவு வெகுளி பாருங்கள். சனிக்கிழமை மட்டும் வருகிற வண்டு உலகத்தில் உண்டா என்று ஒரு சின்னப்பிள்ளைக்குக்கூடச் சந்தேகம் வரும். அவருக்கு வரவில்லை.

மாமா வண்டுக்கு விஷமருந்து கொண்டுவந்தார். அப்பா வாங்கவில்லை. "அதும் ஒரு ஜீவன்தானே மச்சான். தின்னுட்டுப் போட்டும்" என்றார். இன்னொரு நாள் சாப்பிடும்போது பெருமூச்சு விடுகிறார். "பாவம் சின்ன வண்டு. ஒரு விரல் ஆழத்துக்கு மேல போக அதுக்குத் திராணி இல்ல." எனக்குச் சுருக்கென்றது. யாருக்குத் திராணி இல்லை? அடுத்த சனி ரெண்டு விரல் ஆழம் போனேன். கை வலித்தது, இருந்தாலும் போனேன்.

அப்புறம் சுண்ணாம்புப் பொட்டு. வண்டு அடுத்து எங்கே வரும் என்று கணித்துக் காவல் பார்க்கப் போகிறாராம். ஒவ்வொரு மரத்திலும் அடியிலிருந்து மேலே, சாய்வாகச் சுற்றிச் சுற்றி, நாலு விரலுக்கு ஒரு பொட்டு வைத்தார். ரப்பரில் கோடு போட்டுப் பழகிய கை, அளவு பிசகாது. எனக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. பழைய துளை எது, புதிசு எது என்று குழம்ப வேண்டாம். பொட்டு வைத்த இடத்தில் துளைத்தால் போதும். காவல் என்றாரே தவிர, ஒரு சனிக்கிழமைகூட அவர் காவல் இருந்தது கிடையாது. எங்கே இருக்க? ஷீட் கடைக்குப் போயே ஆக வேண்டும்.

அருமனை வந்தாச்சு. காலைக் கொஞ்சம் மடக்குங்கள், அந்த அம்மா கூடையோடு வருகிறார்கள்.

அந்த டிரில்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து இரும்புக்கு ஈடு கிடையாது. ஒரு வருஷம் துளைத்தேன், முனை மழுங்கவே இல்லை. ஒவ்வொரு சனியும் புதிசு மாதிரி பளபளவென்று இருக்கும். ஷெட்டில் அப்பா கத்தி தீட்டுகிற கல்லுக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். துருகூடப் பிடிக்கவில்லை. சுற்றினால் சத்தமே வராது, தேங்காயெண்ணெய் மணம்தான் வரும். ஷெட்டில் தேங்காய் போட்டு வைத்திருப்போம், அதனால் இருக்கும்.

நான் மாட்டிக்கொள்ளாமல் இருந்ததற்கு இன்னொரு காரணம், அந்த வருஷம் அப்பாவுக்கு வந்த இருமல். கடையிலிருந்து வரும்போது கேட்டுக்கு வெளியே நின்று நாலைந்து தடவை இருமுவார். பலமாக. நான் டிரில்லைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கையைக் கழுவி உட்கார நேரம் இருக்கும். அம்மா சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துப் பார்த்தாள். கேட்கவில்லை. மற்ற நாளெல்லாம் சும்மா இருப்பார், சனிக்கிழமைதான் பிடிக்கும். ஷீட் கடையில் புகை போடுகிறார்கள் இல்லையா, அது ஒத்துக்கொள்ளவில்லை.

அங்கே பாருங்கள், தோள் எப்படிக் குலுங்குகிறது. இந்த ரோட்டுப் பள்ளம் பெட்டியோடு சேர்த்து ஆளை ஆட்டுகிறது.

என் மரம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அது ஒரு சோகம். மஞ்சள் மருந்து ஏற்றிய நாலும் ஓணத்துக்கு முன்னாலேயே இலை கொட்டிக் காய்ந்துவிட்டன. மாமா வந்து, தலையில் துண்டு போட்டுக்கொண்டு நின்றார். துக்கம் விசாரிக்கிறாராம். மிச்சம் ஆறு பச்சையாகத்தான் நின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரியாமல் இருப்பதைப்போல ஒரு எரிச்சல் வேறு கிடையாது, அக்கா. பரீட்சை ஹாலே தேவலாம்.

போன வாரம் வருஷம் முடிந்தது. வெள்ளறடையிலிருந்து குரியன் சேட்டன் வந்தார். அகர் வாங்குகிறவர். கட்டையைப் பார்க்கவே மாட்டார், மூக்குதான். ஒரு இரும்புக் கரண்டி, கொஞ்சம் தீக்கங்கு, ஒரு சின்ன உளி, அவ்வளவுதான் சாமான். முதலில் என் மரம் என்று நான்தான் சொன்னேன். காத்திருக்க முடியாது என்றேன்.

ஆணி மரத்தில் ஒரு சிராய் எடுத்துக் கங்கில் போட்டார். கறுப்பாகத்தான் இருந்தது, நான் கரண்டிக்கு மேலேயே குனிந்துவிட்டேன். மோந்து பார்த்துவிட்டு, "இது துருவாக்கும் மோளே" என்றார். பூஞ்சை மரத்து மெழுகை உடைத்தார். நான் காற்றுப் போகாமல் மூடியதில் பூஞ்சை மூச்சு முட்டிச் செத்திருக்கிறது. புகைத்தால் நனைந்த பாய் வாசம். ஆறும் பார்த்தார். ஆறும் இல்லை.

அப்படியும் நான் சொன்னேன், "அப்பாக்கதும் பாருங்க. அதுலயும் ஒண்ணும் இருக்காது." நான் நிச்சயமாகச் சொல்ல முடியும் அல்லவா? ஒவ்வொரு வாரமும் புதுத் தூளை மோந்தவள் நான்தானே. ஆனால் பழைய துளையில் என்ன நடக்கிறது என்று நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்துபோனதை எதற்குப் பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

குரியன் சேட்டன் மூணாம் மரத்தில் அடியில் இருந்த ஒரு பழைய அடைப்பை உளியால் பெயர்த்தார். சாணிமண் காய்ந்து உதிர்ந்தது. உள்ளே துளையைச் சுற்றிக் கறுப்பு. வெறும் கறுப்பு இல்லை, தேன் பாய்ந்த மாதிரி கறுப்பு. ஒரு சிராய் எடுத்துக் கங்கில் வைத்தார்.

எனக்கு வர்ணிக்க வராது, அக்கா. நீங்களே மோந்துகொண்டுதானே இருக்கிறீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். அம்மா அடுக்களையிலிருந்து அகப்பையோடு வெளியே வந்தாள், அப்படியே நின்றுவிட்டாள். குரியன் சேட்டன் செருப்பைக் கழற்றினார். ஏன் என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். அப்பா மரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் குரியன் சேட்டன் அடியிலிருந்து மேலே மரத்தைச் சுற்றி வந்தார். அடைப்பு, அடைப்பு, அடைப்பு. "ஆராக்கும் இந்தத் துளை போட்டது? கம்பெனிக்காரங்க வந்தாங்களோ? இத்தனை வருஷத்துல இப்படி அளந்து போட்ட துளை நான் கண்டதில்ல."

அப்பா, "வண்டு" என்றார்.

"எட்டு எம்எம் டிரில் பிட்டு வச்சிருக்க வண்டா?" என்றார் குரியன் சேட்டன்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு அப்படி இருக்க வராது. "நான்தான் வண்டு" என்றேன். ஒவ்வொரு சனியும் துளைத்தேன், அப்பாக்கதில் ஒன்றும் இல்லை என்று உறுதிப்படுத்தத் துளைத்தேன், ரூல் எழுதிய நானே ரூலை மீறினேன், எல்லாம் சொன்னேன்.

அப்பா அப்படியே மரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் கிடந்து குலுங்குகிறது. அழுகிறார். ஒரு வருஷமாக நம்பி ஏமாந்தால் யாருக்குத்தான் அழுகை வராது? எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. அம்மா அவரைப் பார்த்தாள், அகப்பையால் வாயை மூடிக்கொண்டாள். அவளும் அழுதிருப்பாள்.

பிறகு வழக்கு. துளை என்னுது, ஆகவே மணம் என்னுது என்று நான் சொன்னேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், தப்பில்லையே. துளை மட்டும் இருந்தால் ஆறிப்போயிருக்கும், சாணி வைத்துப் பூஞ்சை பிடிக்க வைத்தது உங்கள் அப்பா என்றார் குரியன் சேட்டன். "சாணி எனக்க பசுவுக்கதாக்கும்" என்றாள் அம்மா. பசுவும் கட்சியில் சேர்ந்துவிட்டது.

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "சமம்னு வச்சிக்கிடுவோம் மக்களே" என்றார்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சமம் எப்படி? நோட்டுத்தாளை எடுத்து வந்து படித்துக் காட்டினேன். அவருக்கத முதல்ல மணத்தால் நான் போக வேண்டும். மணத்தது அவருடையது. நான் தொட்டது தப்பாட்டம். தப்பாட்டம் ஆடிவிட்டுச் சமம் கேட்க நான் என்ன சின்னப்பிள்ளையா? இரக்கப்பட்டுக் கொடுக்கிறதை வாங்க மாட்டேன் என்றேன். பெட்டியை நானே பரணிலிருந்து இறக்கினேன். குரியன் சேட்டன் முதல் துண்டை வெட்டி என் கையில் கொடுத்து, இது வண்டுக்கு என்றார். அதுதான் பையில் இருக்கிறது.

ஆனால் ஜெயித்த ஆளைப் பாருங்கள். இந்த ஒரு வாரமாகச் சோறு சரியாக இறங்கவில்லை. மரத்துப் பக்கம் போகிறார், வருகிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி போகிறார். என்னைப் பிரிகிற கவலை. ரொம்ப மென்மையான மனசு, அக்கா. ஒரு சூது தெரியாது.

மார்த்தாண்டம் வந்துவிட்டது. கொஞ்சம் எழுந்திருங்கள், என் பை உங்கள் காலுக்கடியில் இருக்கிறது.

இதோ அவரே வருகிறார். அப்பா, இந்த அக்காகிட்டதான் பேசிட்டு வந்தேன். என்னது? சத்தமாச் சொல்லுங்க.

கேட்டீர்களா, அக்கா? எதிரே நிற்கிற கடையாலுமூடு பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போய்விடலாமா என்கிறார். இத்தனை தூரம் டிக்கெட் எடுத்து வந்து, ஹாஸ்டலுக்கு நாலே எட்டு இருக்கும்போது. முடியாதுப்பா. நான் தோத்தேன், நான் போறேன். வேதியியலை ஒரு மாசத்துல முடிச்சுப் போடுவேன். நீங்க வீட்டுக்குப் போய் என் மூணு மரத்துல இருக்கிற ஆணியப் பிடுங்குங்க, அதான் உங்களுக்குப் பிடிச்ச வேலை. பெட்டியத் தாங்க.

ஏன் கையை விட மாட்டேங்கிறீங்க? என்ன? ஒரு காரியம் சொல்லணுமா? என்ன காரியம்?

ஒன்றரை மணி நேரம் முன் சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, இறங்குகிற நேரம் பார்த்துக் காரியம் சொல்ல வருகிறார். வண்டியைப் பற்றியா, வண்டைப் பற்றியா? இழுக்காமல் சொல்லுங்கப்பா. அந்த வண்டு வந்து, அந்த வண்டு வந்து என்றால்? அதுதான் நான் என்று அன்றைக்கே சொல்லியாச்சே. பின்னால் ஆள் நிற்கிறது, கண்டக்டர் விசில் அடிக்கிறார். சாயங்காலம் போன் பண்ணி நிதானமாகச் சொல்லுங்க.

நீங்கள் எதற்கு அக்கா எங்கப்பாவைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறீர்கள்? நீங்களும் ஏதோ சொல்ல வாயெடுக்கிறீர்கள். எல்லோரும் இப்படித்தான். வழி விடுங்கள், எனக்கு நேரமாகிறது.